மெயினை இறக்கச் சொன்னவள்

போன வாரம் ஒருவர் டேட்டாபேஸ் விற்க ஆபீசுக்கு வந்தார். நல்ல மனிதர். ஸ்லைடு போட்டுக் காட்டினார், பச்சை டிக் அடித்த கட்டங்களைக் காட்டினார், "எந்தச் சூழ்நிலையிலும் ஒரு பதிவுகூடத் தொலையாது சார்" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். என் கை மட்டும் மேஜைக்கு அடியில் போய், அவர் கொண்டுவந்திருந்த டெமோ பெட்டியின் பிளக்கைத் தடவிக்கொண்டிருந்தது. இந்தப் பழக்கம் எனக்கு ஒருத்தியிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது போன் போட்டு, "சார், இதெல்லாம் இப்டித்தான் நடந்துதுன்னு எதை வெச்சு எழுதுனீங்க?" என்று கேட்பாள். அவளிடம் வாயால் சொல்லும் பதில் எதுவும் செல்லாது. செய்து காட்ட வேண்டும். நடந்து முடிந்ததை நான் எங்கே போய்ச் செய்து காட்டுவது?

திருவள்ளூர் தேரடிக்குப் பக்கத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே என் ஆபீஸ். சின்னத் தொழிற்சாலைகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது பிழைப்பு. காக்களூர் எஸ்டேட்டில் ஆரம்பித்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் எங்களுக்கு ஆட்கள் உண்டு. சரக்கு வந்தது, சரக்கு போனது, எந்த லாரி, யாருக்கு பில், அவ்வளவுதான் அதில் இருக்கும். பெரிய கம்பெனிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுடைய சாஃப்ட்வேரை எங்கள் ஊர் கேட் வாட்ச்மேன் ஓட்டிக் காட்டட்டும், அப்புறம் நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

வேலை கேட்டு அவள் வந்த அன்று நான் கொஞ்சம் அதிகமாகவே பெருமையடித்தேன். எம்.சி.ஏ. முடித்த பெண், கவரைப்பேட்டையிலிருந்து பெரியபாளையம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், நம்மைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்வோமே என்றுதான். "நம்ம ப்ரோக்ராம் எல்லாத்தையும் தானா சேவ் பண்ணிக்கும்மா. கரண்ட் போனாலும் ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"பாக்கலாமா சார்?"

"பாரேன்" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். காலையிலிருந்து நான் உட்கார்ந்து அடித்து வைத்திருந்த கொட்டேஷன் போன இடம் தெரியவில்லை. "ஆயிடுச்சு சார்" என்றாள், காய்கறிக்காரரிடம் தக்காளி அழுகியிருக்கிறது என்று சொல்லும் குரலில். நான் காட்டுக் கத்தல் கத்தினேன். கத்தி ஓயும்வரை பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள். அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன். இப்படிப்பட்டவள் வேறு யாரிடமாவது போய்ச் சேர்ந்து நம் சாஃப்ட்வேரைச் சோதிக்க ஆரம்பித்தால் என்ன கதி என்ற பயம்தான் காரணம்.

"இன்னா ஆவும்னு சொல்லாதீங்க. ஆவட்டும், பாத்துக்கலாம்." இதுதான் அவள் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. எங்களிடம் மட்டுமில்லை, ஊரில் எல்லாரிடமும் இதே பேச்சு. குடை வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பாள். ஆபீசுக்குத் தீயணைக்கும் சிலிண்டர் வாங்கி மாட்டியபோது, பழைய பேப்பரைத் தகர டப்பாவில் போட்டு மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்க் கொளுத்தி, அதை அடித்துப் பார்த்த பிறகுதான் பில்லில் கையெழுத்துப் போட விட்டாள். மெடிக்கல் ஷாப்காரர் புகையைப் பார்த்து ஓடி வந்தார். "பேஜாரு புட்ச்ச பொண்ணை வெச்சிக்கினு எப்டி சார் காலம் தள்றே?" என்று என்னிடம் கேட்டார். எனக்கே அது தெரியாமல்தான் இருந்தது.

மாப்பிள்ளை பார்த்தபோதும் இதையே செய்தாள். வீட்டில் ஒரு வரனைப் பேசி முடிக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இவள் அந்தப் பையனோடு போனில் பேச ஆரம்பித்து, சில நாளிலேயே வேண்டுமென்றே ஒரு சண்டையை இழுத்திருக்கிறாள். ஏன்மா இப்படி என்று கேட்டேன். "நல்லா இருக்கும்போது எல்லாருந்தான் சார் நல்லா இருக்கறாங்க. சண்டை வந்தா எப்டி எழுந்துக்கறான்னு பாக்க வேணாமா?" மறுநாள் அந்தப் பையன் போன் செய்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நாஷ்டா ஆச்சா என்று விசாரித்திருக்கிறான். அவனை வேண்டாம் என்றுவிட்டாள். "கடைசியா பேசுனது பூரா காணோம் சார். நம்ம பழைய சாஃப்ட்வேர் மாதிரி."

அடுத்து வந்தவன் சோழவரத்துக்காரன், லேத் பட்டறை வைத்திருப்பவன். அவனோடும் சண்டை போட்டாள். அவன் பாதியில் போனை வைத்துவிட்டான். காலையில் அவனே கூப்பிட்டு, "நேத்து எதுல வுட்டோம்? உங்கம்மா நம்ம ஊட்லயே இருக்கறதப் பத்தி பேசிக்கினு இருந்தோம், அதானே?" என்று ஆரம்பித்திருக்கிறான். அவனைத்தான் கட்டிக்கொண்டாள். கவரைப்பேட்டை சர்ச்சில் கல்யாணம். மாப்பிள்ளை என் கையைக் குலுக்கியபோது எனக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது.

ஒரே ஒரு தடவை அவள் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அப்பா முதலில் நெல் வயலில் கூலிக்குப் போனவர், பிறகு ஒரு மில்லில் கான்ட்ராக்ட் ஆள். அங்கே மெஷினில் அவர் கை மாட்டியபோது பக்கத்தில் இருந்தவர் ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அமுக்கியிருக்கிறார். மெஷின் நிற்கவில்லை. "பட்டன் இருந்துது சார். நல்லா பெயின்ட் அடிச்சு, மேல போர்டுகூட எழுதி இருந்துது. பின்னாடி ஒயர் இல்ல." டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கடைக்காரரிடம் சர்க்கரை குறைவு என்று சொன்னாள். இதனால்தான் அவள் இப்படி ஆனாள் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். நான் அன்றே அப்படிக் கேட்டேன். "அதுக்கு முன்னாடியே நான் இப்டித்தான் சார்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் நான் இரண்டு நாள் எந்த மெஷினைப் பார்த்தாலும் அதன் சிவப்பு பட்டனைத்தான் பார்த்தேன்.

எங்களை விட்டுப் போனபோதும் சும்மா போகவில்லை. குழந்தை, பட்டறைக் கணக்கு, தூரம் என்று காரணம் சொன்னாள். எல்லாம் நியாயமான காரணம். நீ இல்லாவிட்டால் ஆபீஸ் படுத்துவிடும் என்று நான் புலம்பினேன். "அப்டியா சார்? பாக்கலாமா?" என்றாள். அடுத்த வாரம் முழுக்க ஆளும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நாங்கள் நாலு பேர் அடித்துப் பிடித்து, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கி, எப்படியோ ஓட்டினோம். திங்கட்கிழமை வந்து ஒவ்வொரு கம்பெனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். "எழுந்துக்கிறீங்க சார். லேட்டாவுது, ஆனா எழுந்துக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு ராஜினாமாக் கடிதத்தை நீட்டினாள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இதில் பலதும் பின்னால் நடந்தது. அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கும்மிடிப்பூண்டியில் அந்த விஜயதசமிக் காலைதான்.

அங்கே ஒரு பிரஸ் ஷாப். லாரிகளுக்கு வேண்டிய இரும்புப் பாகங்களைத் தகட்டில் அடித்துக் கொடுப்பவர்கள். முதலாளி ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், வீட்டில் தெலுங்கு, வெளியில் எல்லாரையும் நைனா என்பார். அவருக்கு நான் வெகுகாலம் முன்பு எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு வருஷாந்திரச் சீக்கு உண்டு. ஆயுத பூஜை முடிந்தால் படுத்துவிடும்.

காரணம் இதுதான். அந்தக் கம்பெனியில் பூஜையன்று மெஷின்களை முன்கூட்டி நிறுத்த மாட்டார்கள். எல்லாம் ஓட வேண்டும். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, அந்தச் சத்தத்தோடேயே முதலாளி மெயின் சுவிட்சைத் தன் கையால் இறக்குவார். "ஓடற மெஷினை நிறுத்தி சாமிகிட்ட ஒப்படைக்கணும் நைனா. ஏற்கெனவே நின்னத நிறுத்தறதுல இன்னா கீது?" இது அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் கிடையாதா என்றால், உண்டு. ஆனால் அதுவும் மெஷின்தானே என்று முதல் நாளே கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனர், சுத்தியலோடு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். மெயினை இறக்கியதும் சர்வர் எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவில் செத்துப்போகும். மறுநாள் காலையில் நான் போய்க் கோப்புகளைச் சரிசெய்து, காணாமல் போன லாரிப் பதிவுகளைக் கேட்டில் போடும் சீட்டைப் பார்த்துத் திரும்ப ஏற்றி, பொரியும் வாழைப்பழமும் ஒரு சட்டைத் துணியும் வாங்கிக்கொண்டு வருவேன். காலப்போக்கில் நானும் பூஜையில் ஒரு சடங்காகிவிட்டேன்.

அந்த சாஃப்ட்வேரைப் புதிதாக எழுதுகிற வேலையை அவளிடம் கொடுத்தேன். எங்கள் ஆபீசுக்கு அந்த வருஷம் கிடைத்த பெரிய வேலை அதுதான். எந்த டேட்டாபேஸ் போடுவது என்பதில்தான் பிரச்சினை வந்தது. டேட்டாபேஸ் என்றால் வேறொன்றுமில்லை, சாஃப்ட்வேர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொண்டுபோய் வைக்கிற கிடங்கு. முதலாளியின் மருமகன் பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தார். மாத வாடகைக்கு இன்டர்நெட்டில் கிடைக்கிற கிடங்கைப் போடச் சொன்னார். எல்லாரும் இப்போது அதைத்தான் போடுகிறார்கள் என்றார். அவள் பிடித்து வைத்திருந்தது வேறு. உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி, யாருக்கும் விலையில்லாமல் கொடுக்கிறது, கம்பெனிக்குள்ளேயே நம் சர்வரில் ஓடுவது. முதலாளிக்கு அதுவும் பிடிக்கவில்லை. "டப்பு வாங்காம ஒருத்தன் குடுக்கறான்னா அதுல இன்னாவோ கீது நைனா."

மருமகனுடையதை அவள் சோதிக்காமல் தள்ளவில்லை. அவரையே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கேட்டில் லாரி நிற்கும்போது நெட் கேபிளைக் கழற்றினாள். அந்த ரோட்டில் ஜேசிபி பள்ளம் தோண்டினாலே மாதத்துக்கு இரண்டு தடவை அறுபடுகிற கேபிள்தான். சீட்டு அச்சாகவில்லை. லாரிகள் ரோடு வரை நின்று ஹாரன் அடித்தன. திரும்பச் செருகியதும் எல்லாப் பதிவும் அப்படியே இருந்தது. "உங்களுது ஒண்ணத்தையும் தொலைக்கல சார். அது உண்மை" என்று அவரிடமே சொன்னாள். "ஆனா நின்னுடுச்சு. எங்க பழசு நிக்காது, தொலைச்சிடும். எனுக்கு ரெண்டுமே வேணாம்."

அவர் முட்டாள் இல்லை. "பில்டிங் எரிஞ்சா? ஏரி உடைஞ்சு தண்ணி வந்தா?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று சொல்லி, தினமும் ஒரு நகல் வெளியே போகிற ஏற்பாட்டை அவரை வைத்தே எழுதிக்கொண்டாள். பிறகு அவரும் நானும் சேர்ந்து அவளிடம் ஒன்று சொன்னோம். பூஜைக்கு முன்னால் சர்வரை ஒழுங்காக நிறுத்திவிட்டு அப்புறம் மெயினை இறக்கச் சொன்னால் போதுமே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றோம்.

அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "அவங்கப்பா காலத்துலேர்ந்து அவரு கையால எறக்கறாரு. நாம எழுதுன ஒரு ப்ரோக்ராமுக்காக அவரு சாமி கும்புடறத மாத்திக்கணுமா? மாத்திக்கவேண்டியது நம்ம ப்ரோக்ராமு சார்." முதலாளி பக்கம் திரும்பினாள். "வர்ற பூஜைக்கு நீங்க எப்பவும் போல எறக்குங்க. ஒரே ஒரு லாரி தொலைஞ்சுதுன்னாலும் நான் எழுதுனத எடுத்துக்கினு போயிட்றேன். இவரு சொல்றதையே போட்டுக்கங்க."

என்னைக் கேட்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவள் எழுதியது அது.

பூஜை நடந்தது. பிரஸ்கள் தடதடத்துக்கொண்டிருக்க, கடைசி லாரிக்குக் கேட்டில் சீட்டு போடும்போதே கற்பூரம் ஏற்றினார்கள். பூசணிக்காய் உடைந்தது. முதலாளி கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு மெயினை இறக்கினார். எல்லா மெஷினும் ஒரு பெருமூச்சு விட்டு நின்றன. அவள் இரண்டு பொட்டலம் பொரி சாப்பிட்டாள். என்னால் ஒன்றுகூட முழுங்க முடியவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் மெயினை ஏற்றினார்கள், யுபிஎஸ் இன்னும் பூஜை வரிசையில்தான் இருந்தது. சர்வர் எழுந்தது. டேட்டாபேஸ் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டு திறந்துகொண்டது. ஒரு கோப்பும் கெடவில்லை. சூப்பர்வைசர் கை தட்டினார். மருமகன் அன்று மாலையே பெங்களூர் திரும்ப வேண்டியவர், அவர்கூட எழுந்து வந்து, "சரி, ஒத்துக்கிறேன். நல்லாவே எழுந்துக்கிச்சு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் முந்தின நாளின் கடைசி லாரிச் சீட்டை வாங்கி வந்தாள். திரையில் தேடினாள். இல்லை.

"ஒண்ணு காணோம்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதலாளி சிரித்தார். "ஒண்ணுதானேமா? முந்தி ஒரு நாள் சரக்கே பூடும்." மருமகனும் பெருந்தன்மையாக, ஒரு பதிவுதானே, பரவாயில்லை என்றார். "பரவால்லன்னு நான் பேசல சார். ஒண்ணு தொலைஞ்சாலும்னு பேசுனேன்" என்று சொல்லிவிட்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். எதையெதையோ திறந்து பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். குற்றம் டேட்டாபேஸ் மேல் இல்லை, அது எழுதி வைக்கிற டிஸ்க் மேல். வேகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த டிஸ்க், எழுதி முடிக்கும் முன்பே எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறது. டேட்டாபேஸ் அதை நம்பியிருக்கிறது. அந்த வசதியை அணைத்துவிடலாம். வேகம் குறையும்.

"இது சாக்கு இல்லன்னு எப்படித் தெரியும்?" என்று மருமகன் கேட்டார். சரியான கேள்வி.

"தெரியாது சார்" என்றாள். டிஸ்க்கில் அதை அணைத்தாள். எழுந்து முதலாளி முன்னால் போய் நின்றாள். "சார், இன்னொரு தபா மெயினை எறக்குங்க."

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசருக்கு முகம் சிவந்துவிட்டது. "விஜயதசமி அன்னிக்கு, மெஷின் எய்ந்து ஒரு அடி அடிக்கல, அதுக்குள்ள எறக்கறதா? இன்னாம்மா பேசறே நீ?" என்றார். வருஷம் முழுக்க ஓடுவதற்குத் தொடக்கம் வைக்கிற நாள். அன்றைக்குப் போய் நிறுத்தச் சொல்கிறாள். நான் அவள் காதருகே போய், நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்மா என்றேன்.

"நாளைக்கி இவரு இருக்க மாட்டாரு. இன்னிக்கே முடிவாவணும்." குரலை உயர்த்தவில்லை. முதலாளியை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. "சார், வருஷா வருஷம் நீங்க எறக்கத்தான் போறீங்க. இன்னிக்கித் தாங்காதது அடுத்த வருஷம் மட்டும் தாங்குமா? போவும்னா இப்பவே போவட்டும். நான் எடுத்துக்கினு போயிட்றேன்."

முதலாளி வெகுநேரம் மெயினைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்மேல் முந்தின நாள் போட்ட சாமந்தி மாலை வாடாமல் இருந்தது. பிறகு சூப்பர்வைசரிடம், "எல்லா பிரஸ்ஸையும் ஓட்டு. நின்னுக்கினு இருக்கறத எறக்க மாட்டேன்" என்றார். பிரஸ்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி ஷெட் அதிர்ந்தது. கேட்டில் ஒரு லாரியைப் பதிவு செய்யச் சொன்னாள். சீட்டு பிரின்டரிலிருந்து பாதி வெளியே வந்துகொண்டிருந்தது. "எறக்குங்க" என்றாள்.

முதலாளி மாலையை ஒதுக்கிவிட்டு இறக்கினார்.

இருட்டு. மின்விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன. யாரோ சாமி பெயரைச் சொன்னார்கள். மறுபடி ஏற்றினார்கள். சர்வர் எழுந்துகொள்ளும்வரை ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. மருமகன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்து நின்றார். அவர்தான் முதலில் பார்த்தார். "இருக்கு" என்றார். அந்த லாரி, அதன் நம்பர், அதில் ஏற்றிய சரக்கு, கடைசி எழுத்துவரை இருந்தது.

சூப்பர்வைசர் இந்தத் தடவை கை தட்டவில்லை, கும்பிட்டார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "முடிஞ்சுதுல்ல? நாஷ்டா துன்னலாம் வாம்மா" என்றார். நான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கப் போனேன்.

அவள் திரையில் இருந்த லாரி நம்பரைப் பாதி அச்சான கேட் சீட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்த்தாள். சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இன்னொரு தபா எறக்குங்க சார்" என்றாள்.